நாடாப் புழு அன்று, துதிக்கைப் புழு

தமிழில் அறிவியல் எழுத முடியுமா என்ற கேள்விக்கு நம் முன்னோர் விடை கூறிவிட்டனர். முடியும் என்று மேடையில் முழங்கியதோடு நில்லாமல், எழுதியும் காட்டினர். இன்று நம் முன் நிற்கும் கேள்வி வேறு. எப்படி எழுதுவது? பொருளைப் பார்த்து எழுதுவதா, அல்லது பொருளுக்கு ஆங்கிலேயன் இட்ட பெயரைப் பார்த்து எழுதுவதா? இக்கேள்விக்கு விடை காண ஒரு புழுவைத் துணைக்கு அழைக்கிறேன். புழுதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், நண்பர்களே! இந்தப் புழுவுக்கு இன்னும் தமிழில் முறையான பெயர் இல்லை. அதனால்தான் அழைக்கிறேன்.

கடற்கரைப் பாறைகளின் அடியிலும், சேற்றிலும், பாசிக் கொத்துகளிலும் வாழும் ஒருவகைப் புழுவை ஆங்கிலத்தில் ‘ரிப்பன் வார்ம்’ என்பர். விலங்கியலார் இப்புழுக்களைத் தனியொரு தொகுதியாகப் பிரித்து ‘நெமெர்ட்டியா’ என்று பெயரிட்டுள்ளனர். இதுவரை ஏறத்தாழ 1,300 இனங்கள் அறியப்பட்டுள்ளன. இதைத் தமிழில் எழுத முற்படுபவர் என்ன செய்கிறார்? ரிப்பன் என்றால் நாடா. வார்ம் என்றால் புழு. ஆகவே நாடாப் புழு. வேலை முடிந்தது என்று எழுதுகோலை மூடி வைத்துவிடுகிறார்.

வேலை முடியவில்லை, வில்லங்கம் தொடங்குகிறது. நாடாப் புழு என்ற பெயர் தமிழில் வேறொரு புழுவுக்கு என்றோ பட்டா போட்டுக் கொடுத்த பெயர். பள்ளிப் பாடநூலில் நாம் எல்லோரும் படித்த நாடாப் புழு, மனிதனின் குடலில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒட்டுண்ணி. ஆங்கிலத்தில் ‘டேப் வார்ம்’. ஆங்கிலத்தில் டேப் வேறு, ரிப்பன் வேறு. தமிழில் இரண்டும் நாடாவே. ஆகவே, ‘கடலில் பல மீட்டர் நீள நாடாப் புழு’ என்று ஒருவர் எழுதினால், படிப்பவர் தம் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொள்வார். குற்றம் படிப்பவர்மேல் இல்லை.

இரண்டு புழுக்களும் எவ்வளவு வேறுபட்டவை என்பதைக் கொஞ்சம் பாருங்கள். குடலில் வாழும் நாடாப் புழுவுக்கு வாய் இல்லை. உணவுக் குழாய் இல்லை. பிறர் செரித்து வைத்த உணவைத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. அதன் உடல் துண்டு துண்டாக அடுக்கப்பட்டது. நம் கடற்புழுவுக்கோ வாயும் உண்டு, குடலும் உண்டு, கழிவு வெளியேறத் தனி வழியும் உண்டு. குருதிக் குழாய்களும் உண்டு. உடல் துண்டுபட்டதன்று. பெரும்பாலானவை ஒட்டுண்ணிகள் அல்ல. தாமே வேட்டையாடி உண்பவை. ஒன்று, பந்திக்கு அழையாமல் வந்து உட்கார்ந்த விருந்தாளி. மற்றொன்று, உழைத்து உண்ணும் வேடன். இருவருக்கும் ஒரே பெயரா?

ஆங்கில நூல்களிலும் இந்தக் குழப்பத்தின் சாயல் இருந்தது உண்மை. லிபி ஹைமன் என்ற அம்மையார் முதுகெலும்பற்ற விலங்குகளைப் பற்றி எழுதிய பெருநூலின் இரண்டாம் தொகுதி 1951-இல் வெளிவந்தது. அதில் தட்டைப் புழுக்களும் இப்புழுக்களும் ஒரே நூலில் அடுத்தடுத்து இடம்பெற்றன. இரண்டும் நெருங்கிய உறவினர் என்பது அக்காலத்துக் கருத்து. பின்னர் உடலின் நுண்ணமைப்பையும் மரபுப் பொருளையும் ஆராய்ந்தவர்கள், இவை மண்புழுவுக்கும் நத்தைக்கும் நெருங்கிய கூட்டத்தைச் சேர்ந்தவை என்று காட்டினர். 2018-இல் இப்புழு இனம் ஒன்றின் மரபணுத் தொகுப்பு முழுமையாக வெளியிடப்பட்டபோது அந்த முடிவு மேலும் உறுதிப்பட்டது.

அதற்கு முன்னும் தடுமாற்றங்கள் இருந்தன. வட ஐரோப்பியக் கடலில் வாழும் மிக நீண்ட இனத்துக்கு 1770-இல் பெயரிட்ட குன்னெரஸ், அதை உருளைப் புழுவின் இனத்தில் சேர்த்தார். சிப்பிகளுக்குள் வாழும் மற்றோர் இனத்தை 1776-இல் முல்லர் அட்டை என்று எண்ணி அட்டைகளோடு வைத்தார். அதன் பின்முனையில் ஓர் உறிஞ்சி இருந்தது. பார்ப்பதற்கு அட்டையைப் போலவே இருந்தது. அடுத்து வந்தவர்கள் திரும்பவும் உற்றுப் பார்த்தனர், பெயரைத் திருத்தினர். அறிவியல் வளர்ந்தது இப்படித்தான். பெயரைக் கட்டிக்கொண்டு அழாமல், பொருளை மீண்டும் மீண்டும் பார்த்ததனால் வளர்ந்தது.

நாமும் பார்ப்போம். இப்புழுவுக்கு என்னென்ன பெயர்கள் பொருந்தக்கூடும் என்று ஒவ்வொன்றாக உரைத்துப் பார்ப்போம்.

முதலில், ‘நெடும்புழு’ என்று அழைக்கலாமா? ஆசை எழுவது இயல்பே. 1864-ஆம் ஆண்டு ஒரு புயலுக்குப் பின் ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் கரையில் ஒதுங்கிய ஒரு புழு, 55 மீட்டருக்கு மேல் நீளமிருந்ததாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. அந்த அளவை அப்படியே ஏற்போமாயின், உலகில் அதனினும் நீண்ட விலங்கு கிடைப்பது அரிது; நீலத் திமிங்கிலமும் அதன் முன் குட்டைதான். ஆனால் இப்புழுவின் உடல் இழுத்தால் நீள்வது. அதனால் அந்த அளவை ஐயத்தோடு நோக்குவாரும் உளர். அதே இனத்தில் 5 முதல் 15 மீட்டர் வரை நீளமுள்ளவை சாதாரணமாகக் கிடைக்கின்றன. அகலமோ ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். இவ்வளவு நீளம் ஒருபுறம் இருக்க, சில மில்லிமீட்டரே உள்ள இனங்களும் இத்தொகுதியில் உண்டு. பெரும்பாலானவை ஒரு சாண் நீளத்தையும் எட்டுவதில்லை. ஆகவே நெடும்புழு என்ற பெயர் ஒரு வீட்டாருக்குப் பொருந்தும், ஊராருக்குப் பொருந்தாது.

‘கயிற்றுப் புழு’ என்னலாமா? ஜெர்மானியரும் சப்பானியரும் அந்த வழியில்தான் சென்றுள்ளனர். இரு மொழிகளிலும் இதன் பெயருக்குக் கயிறு, சரடு என்பதே பொருள். ஆனால் ஆழ்கடல் நீரில் மிதந்து வாழும் இனங்கள் பல, இலையைப் போல அகன்று தட்டையாக உள்ளன. சிப்பிக்குள் வாழ்வது அட்டையைப் போன்றது என்று முன்பே சொன்னேன். கயிறும் தோற்றது. ரிப்பனும் இதே காரணத்தால் தோற்கும். உருண்டு திரண்ட உடலுடைய இனங்களும் இருக்கின்றன. விடுதியில் நமக்குக் கிடைக்காத ரிப்பன் பக்கோடாவுக்கே அந்தப் பெயரை விட்டுவிடுவோம்.

‘கடற்புழு’ என்றால்? பெரும்பான்மை கடலில் வாழ்வது உண்மை. வெப்பக் கடலின் பவழப் பாறை முதல் தென்துருவத்துப் பனிக்கடல் வரை இவை பரவியுள்ளன. அண்டார்ட்டிக்காவின் அடிக்கடலில் 2 மீட்டர் வரை வளரும் ஓர் இனம், கிடைத்ததை எல்லாம் உண்கிறது. இறந்த கடல்நாயின் உடலையும் விடுவதில்லை. அதன் மேலுள்ள வழுவழுப்பான நீர் கடும் புளிப்பானது. ஆகவே அதனைத் தீண்டும் மீன்கள் குறைவு. ஆனால் குளம் குட்டைகளின் நன்னீரிலும் சில இனங்கள் உள்ளன. ஈரமான காட்டு மண்ணில், விழுந்த மரத்தின் அடியில் வாழும் நிலத்து இனங்களும் உள்ளன.

நிலத்து இனத்தைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. சப்பான் நாட்டுக்குத் தெற்கே, டோக்கியோவிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில் ஒகசவாரா என்ற தீவுக்கூட்டம் உள்ளது. அங்கு மட்டுமே வாழும் உயிர்கள் பல இருப்பதால் 2011-இல் உலக மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. அத்தீவுகளுக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு நிலத்துப் புழு, நம் கதைத்தலைவரின் இனத்தது, 1980-களில் கண்ணில் பட்டது. மண்ணிலே உதிர்ந்த இலைகளைத் தின்று உரமாக்கும் சிறு உயிர்கள் அதன் பின்னர் காட்டின் பல பகுதிகளில் அடியோடு மறைந்தன. ஏன் மறைந்தன என்று நெடுங்காலம் விளங்கவில்லை. இப்புழுவே காரணம் என்று 2017-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. காட்டின் அடித்தளத்தையே அரித்துவிட்ட ஒரு புழுவை ‘கடற்புழு’ என்று அழைத்து, கடலில்தானே இருக்கிறது என்று நாம் கவலையற்று இருந்தால், அந்தப் பெயர் நம்மை ஏமாற்றிவிடும். பொருந்தாப் பெயரின் தீங்கு இதுதான்.

‘நச்சுப் புழு’ என்ற பெயரும் எழக்கூடும். இப்புழுக்களில் பல நஞ்சுடையவை. பேத்தை மீனில் உள்ள அதே கொடிய நஞ்சு சில இனங்களில் காணப்பட்டுள்ளது. மேலே சொன்ன மிக நீண்ட புழுவின் வழுவழுப்பில் உள்ள நஞ்சைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 2018-இல் வெளியிட்டனர். சிறிதளவே நண்டையும் கரப்பான்பூச்சியையும் கொல்லப் போதுமானது. மற்றோர் இனத்தின் நஞ்சு இன்னது என்று 1971-இல் கண்டறியப்பட்டது. அதனை ஒட்டிச் செய்த ஒரு வேதிப்பொருள், நினைவிழப்பு நோய்க்கும் மனநோய்க்கும் மருந்தாகுமா என்று மனிதர்களிடமே சோதிக்கப்பட்டது. மருந்துக் கடைக்கு வரும் அளவுக்கு வெற்றி பெறவில்லை. எனினும், புழுவின் நஞ்சில் மூளையின் மருந்தைத் தேடலாம் என்ற எண்ணம் எழுந்ததே பெரிதல்லவா? ஆயினும், நஞ்சு இவற்றுக்கு மட்டும் உரியதன்று. பாம்பும் தேளும் வழக்குத் தொடுக்கும்.

இனி எஞ்சியிருப்பது ஒன்றே. இவற்றை எல்லாம் ஒரு குடும்பமாக இணைக்கும் உறுப்பு எது?

புழுவின் தலைப்பக்கத்திலிருந்து பின்னோக்கி, குடலுக்கு மேலே, நீர் நிறைந்த ஒரு நீண்ட உறை செல்கிறது. அதற்குள் ஒரு குழாய், உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பிய நிலையில் அடங்கிக் கிடக்கிறது. துவைத்த சட்டையின் கையை உள்ளே இழுத்துவிட்டுப் பாருங்கள். அதுதான் அதன் நிலை. இரை அருகில் வந்ததும் உறையைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. நீரின் அழுத்தம் ஏறுகிறது. அடங்கிக் கிடந்த குழாய் நொடியில் வெளியே பாய்ந்து இரையைச் சுற்றிக்கொள்கிறது. சில இனங்களில் அதன் மேல் ஒட்டும் பசையும் நஞ்சும் இருக்கும். சிலவற்றில் ஒரு நுண்ணிய ஊசியே இருக்கும். அதனால் குத்திக் குத்தி நஞ்சை ஏற்றும். ஊசி முறிந்தாலோ தேய்ந்தாலோ மாற்றிக்கொள்ள, பக்கத்துப் பைகளில் மாற்று ஊசிகளும் அணியமாக இருக்கும். வேலை முடிந்ததும் ஒரு தசை அக்குழாயை மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும். நிலத்து இனங்களில் சில, ஆபத்து வந்தால் இக்குழாயை முன்னே எறிந்து, நுனியை ஊன்றி, உடலை இழுத்துக்கொண்டு ஓடவும் செய்கின்றன. மூளைகூட இவ்வுறையைச் சுற்றியே வளையமாக அமைந்துள்ளது. வேறு பல புழுக்களுக்கு மூளை வளையம் உணவுக் குழாயைச் சுற்றியிருக்கும். இதற்கோ ஆயுதத்தைச் சுற்றியிருக்கிறது!

இவ்வுறுப்பைக் கண்ட பின்னும் வேறு பெயரைத் தேட வேண்டுமா? ‘துதிக்கைப் புழு’ என்று அழைப்போம் என்பதே என் கருத்து. வண்ணத்துப் பூச்சியின் உறிஞ்சுகுழலுக்கு ஆங்கிலத்தார் இட்ட அதே பெயரை இதற்கும் இட்டுள்ளனர். தமிழில் அந்தத் தவற்றை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. இது உறிஞ்சுவதற்கு உரியதன்று. நீட்டுவதற்கும் வளைப்பதற்கும் பற்றுவதற்கும் உரியது. யானையின் கையைக் கண்ட தமிழனுக்கு இதைவிடத் தெளிவான சொல் கிடைக்காது.

மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். யானையின் துதிக்கை மூக்கல்லவா, புழுவுக்கு மூக்கு ஏது என்பார் ஒருவர். ஊசிக்குக் காது உண்டு, அது கேட்கிறதா? தேங்காய்க்குக் கண் உண்டு, அது பார்க்கிறதா? கத்திக்கு முகம் இல்லாவிட்டாலும் முனை உண்டு, வாயும் உண்டு. உருவாலும் தொழிலாலும் ஒத்ததற்குப் பெயரைக் கடனாகக் கொடுப்பது தமிழின் பழைய வழக்கம். நியூசிலாந்தில் துதிக்கையே இல்லாத ஓர் இனம் கண்டறியப்பட்டுள்ளதே என்பார் இன்னொருவர். உண்மை. பறக்காத தீக்கோழியும் பறவைதான். நடக்காத முடவரும் மனிதர்தாம். மூன்றாமவர், வேறு சில கடல் விலங்குகளுக்கும் துதிக்கை போன்ற உறுப்பு உண்டே என்பார். உண்டு; ஆனால் அவை இப்படித் தனி உறைக்குள் இருந்து எறியப்படுவதில்லை. இன்னும் நுட்பம் வேண்டுவோர் ‘எறிதுதிக்கைப் புழு’ என்று எழுதட்டும்; எனக்கு வழக்கில்லை.

‘உலகம் முழுவதும் நெமெர்ட்டியா என்றுதானே வழங்குகிறது, அப்படியே வைத்துக்கொண்டால் என்ன?’ என்று கேட்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். ஆய்வுக் கட்டுரையில் அப்பெயர் இருக்கட்டும்; இருக்கவும் வேண்டும். அதுவும் வானத்திலிருந்து விழுந்ததன்று. கிரேக்கக் கதையில் வரும் கடல் தேவதை ஒருத்தியின் பெயர் அது. குறி தவறாதவள் என்பது பொருள். ஐரோப்பிய மாணவன் தன் கதையிலிருந்து பெயரெடுத்தான். இராமேசுவரத்துப் பையன் ஒருவன் கல்லைப் புரட்டி இதைக் காணும்போது, அவன் வாயில் நுழையும் சொல் ஒன்று அவனுக்கும் வேண்டாமா? இன்னொன்றும் சொல்வேன். பாம்பனிலோ மண்டபத்திலோ தரங்கம்பாடியிலோ மீனவர்களிடம் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்குமாயின், என் பெயரை நானே முதலில் கிழித்தெறிவேன். கடலோடு வாழ்பவன் வைத்த பெயருக்கே முதல் உரிமை.

பெயர் ஒன்றுக்கு இவ்வளவு பாடா என்று எண்ணலாம். பெயர் வைக்கப் புகுந்ததனால்தான் இப்புழுவை இவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதை மறவாதீர்கள். பார்த்தால் இன்னும் எவ்வளவோ தெரியும். இவற்றுள் ஒரு பிரிவின் இளவுயிர், தொப்பி போன்ற உருவத்தில் கடலில் மிதக்கும். அதன் உள்ளே சிறு புழு உருவாகி, வளர்ந்து, வெளியே வரும்போது, தன்னைச் சுமந்த தொப்பியையே தின்றுவிடும். வெட்டினால் வாலை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் இனங்கள் பல. தலையையே வளர்த்துக்கொள்ளும் இனங்கள் சில. அமெரிக்க மேற்குக் கரையில் நண்டின் முட்டைக் கொத்துக்குள் வாழ்ந்து, முட்டைகளைத் தின்று, நண்டுப் பிடிப்பாளரின் வருவாயில் கை வைக்கும் இனமும் உண்டு.

விலங்கியல் மாணவர்கள் மரபியல் வகுப்பில் பன்னட் கட்டம் போடாமல் தேர்வு எழுத முடியாது. அந்தப் பன்னட், பட்டாணியின் கணக்குக்கு வருமுன் துதிக்கைப் புழுக்களை ஆராய்ந்தவர். மாலத்தீவு, இலட்சத்தீவுக் கடல்களில் திரட்டப்பட்ட புழுக்களைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதியவர். நம் கடலின் புழுவை அவர் பார்த்தார். அவருடைய கட்டத்தை மட்டும் நாம் பார்க்கிறோம்!

அவர் பெயர் தாங்கிய புழு இனம் ஒன்றும் உண்டு. அவ்வினத்துப் புழு ஒன்று 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடலில் பிடிக்கப்பட்டு, பல்கலைக் கழக ஆய்வகத் தொட்டியில் வளர்ந்து வந்தது. ஆண்டுதோறும் மாணவர்கள் வந்தனர், பார்த்தனர், சென்றனர். இதன் வயதென்ன என்று ஒரு மாணவி கேட்டார். அதன் பிறகே கணக்கெடுத்தனர். குறைந்தது 26 வயது என்று 2024-இல் வெளியிட்டனர். இத்தொகுதியில் ஒரு புழு இவ்வளவு காலம் வாழும் என்பது அதற்கு முன் எவரும் அறியாதது. விலையுயர்ந்த கருவி அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மாணவியின் கேள்வி கண்டுபிடித்தது.

ஆகவே, நண்பர்களே, இரண்டு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, கடலோரத்து நண்பர்கள் வற்று நேரத்தில் பாறைப் பக்கம் செல்லுங்கள். கல்லைப் புரட்டிப் பாருங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள், பார்த்த பின் கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள். அது ஓர் உயிரின் வீட்டுக் கூரை. உங்கள் ஊர் மீனவரிடம் அதன் பெயரைக் கேட்டு எழுதி வாருங்கள். இரண்டாவது, அவரவர் துறையில் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதை முழுவதும் பார்த்து, அதற்குத் தக்க பெயரோடு இவ்விதழுக்கு எழுதுங்கள். பொறியியலார் ஒரு பொறியை எழுதட்டும். வேதியியலார் ஒரு உப்பை எழுதட்டும்.

இன்று எந்திரமும் மொழிபெயர்க்கிறது. நொடியில் ஆயிரம் சொற்களைத் தமிழாக்கித் தருகிறது. ஆனால் எந்திரம் சொல்லைப் பார்க்கும், புழுவைப் பார்க்காது. புழுவைப் பார்ப்பது நம் வேலை. அந்த வேலையை நாம் செய்யாவிட்டால் தமிழில் சொற்கள் பெருகும், அறிவு பெருகாது.